ஐந்தரைக் கட்டை

என் தங்கையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்த மனிதருக்கு நான் வைத்த பெயர் முத்திரை. அவர் கொடுத்த அட்டையில் வேறு என்னவோ இருந்தது. 'கலைஞர் அடையாள வடிவமைப்பு ஆலோசகர்' என்று ஒரு வரியில் அடங்காமல் இரண்டு வரிக்கு ஓடியிருந்தது. நான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்தேன். அதன்பிறகு மேசை ஆடவில்லை. அந்த மனிதரால் எங்கள் வீட்டுக்கு ஏற்பட்ட நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

என் தங்கை கச்சேரி பாடுகிறவள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவள். பகலில் ஒரு கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலை, சாயங்காலமானால் தம்புரா. அதற்கு நான்கு தந்தி. பாட்டு எப்படிப் போனாலும் அந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கைதட்டல் கிடையாது. விளம்பரத்தில் பெயர் கிடையாது. ஆனால் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒலியைக் கேட்டுத்தான் தங்கள் வாத்தியத்தைச் சுருதி சேர்க்கிறார்கள். தம்புரா எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அன்றைய சட்டம். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டம் என் மடியில் இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது அவள் முதுகு. பின்கழுத்து மச்சம், ரவிக்கையின் மேல் கொக்கி, இடது தோள் கொஞ்சம் உயர்வது. அந்தத் தோள் உயர்ந்தால் அடுத்து மேல் சுரத்துக்குப் போகப் போகிறாள் என்று அர்த்தம். கல்யாணம் காட்சி எதுவும் எனக்கு அமையவில்லை, அதைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொண்டதுமில்லை. அந்த இடம் எனக்குப் போதுமாக இருந்தது. அதை யாராவது பிடுங்கினால் என்ன செய்வேன் என்று மட்டும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

முத்திரையைக் கூட்டிவந்தது தங்கையின் கணவர். இன்ஷூரன்ஸ் விற்பவர். சாவையே விற்றுவிட்டவருக்குச் சங்கீதம் எம்மாத்திரம்?

"முன்வரிசையில பாதிப் பேர் தூங்குறாங்க, மீதிப் பேருக்குக் காது கேக்கல" என்றார் மாப்பிள்ளை. "இப்படியே போனா இன்னும் அஞ்சு வருஷத்துல நாற்காலிக்குத்தான் பாடணும்."

அது உண்மைதான். அதற்காக வந்த வைத்தியரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முத்திரைக்கு நாற்பது வயதிருக்கும். சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலில் ஷூ போட்டிருந்தார். ஒரு கச்சேரியும் அவர் முழுதாகக் கேட்டதில்லை என்பதை அவரே பெருமையாகச் சொன்னார்.

"அதான் என் பலமே மேடம். நான் கேக்காதவங்க பக்கம் நிக்கிறேன்."

என் தங்கை தலையாட்டினாள். எனக்கு எரிந்தது. கண் தெரியாதவர் எங்கள் கடைக்கு வந்து கண்ணாடி விற்கிறேன் என்றால் முதலாளி சேர்த்துக்கொள்வாரா?

"உங்ககிட்ட இருக்குற ஒரே ஒரு விஷயம், வேற யார்கிட்டயும் இல்லாதது, என்னன்னு சொல்லுங்க" என்றார் முத்திரை. "ஒண்ணு போதும். ரெண்டு சொன்னா மக்கள் மறந்துடுவாங்க."

தங்கை யோசித்தாள். அவள் ராகத்தை விரிக்கிற விதத்தைச் சொல்லலாம். பாட்டின் வார்த்தைகளை மென்று விழுங்காமல் பாடுவதைச் சொல்லலாம். அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"அஞ்சரைக் கட்டை சார்! இந்த வயசுல அஞ்சரைக் கட்டையில பாடுறவங்க வேற யாரும் கிடையாது. அவகூடப் பாட ஆரம்பிச்சவங்க எல்லாம் எப்பவோ இறங்கிட்டாங்க."

ஒருவர் எந்த உயரத்தைத் தன் ஆதார சுருதியாக வைத்துப் பாடுகிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம். எண் கூடக் கூட உயரம். வயது ஏற ஏறக் குரல் கொஞ்சம் இறங்கும், எல்லோருக்கும் இறங்கும். என் தங்கைக்கு மட்டும் இறங்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

"ஐந்தரை" என்று முத்திரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். "அருமை. இதான் நம்ம முத்திரை. நிகழ்ச்சி பேர் ஐந்தரை. லோகோ ஐந்தரை. ஆரம்பிக்கிற நேரமும் சாயங்காலம் ஐந்தரை!"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவள் ஐந்தரையில் பாடி மூன்று வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு நீண்ட காய்ச்சல் வந்தது. எழுந்து பாட உட்கார்ந்தபோது மேலே போகையில் குரல் நூல் நூலாகப் பிரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை நான் தம்புராவில் தந்தியை முறுக்குகிற பிருடையை ஒரு முடி அளவு தளர்த்தி வைத்தேன். அவள் பாடினாள். "இன்னிக்குப் பரவால்லக்கா" என்றாள். அடுத்த வாரம் இன்னொரு முடி. சுருதியைச் சரிபார்க்கிற சின்ன ஊதல் என் பையில்தான் இருக்கும். கேட்டால், எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன். அவளுக்குக் கிடைத்த ஆதாரமெல்லாம் என் கை கொடுத்ததுதான். குரல் நன்றாகப் போகிறது என்று அவள் மகிழ்ந்த ஒவ்வொரு நாளும், வெந்நீர் குடிச்சேல்ல, நல்லாத் தூங்கினேல்ல என்று நான் பூசி மெழுகினேன். இப்படியே இறங்கி இறங்கி, முத்திரை வந்து உட்கார்ந்த அன்று நாங்கள் நாலரையில் இருந்தோம்.

பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? வயலின்காரர் மாதக்கணக்காகத் தந்தியைத் தளர்த்திக்கொண்டே வந்தார். மிருதங்கக்காரர் ஒருநாள் பேசாமல் சுருதி குறைந்த வேறு மிருதங்கத்தோடு வந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். பாடுகிறவரிடம் உங்கள் சுருதி இறங்கிவிட்டது என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை. அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். வயதைக் கேட்கிற மாதிரி அநாகரிகம் என்பது இன்னொன்று.

ஆக, ஒரு பொய்யான எண்ணை ஒட்டி ஊரை ஏமாற்றுகிற வேலையை முத்திரை வருவதற்கு மூன்று வருடம் முன்பே நான் தொடங்கியிருந்தேன். இதை அப்போது நான் இப்படி நினைக்கவில்லை. அவரைப் பார்த்து ஏளனம் செய்வதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த மாதம் முழுக்கப் படம் எடுத்தார்கள். தங்கையைப் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள், பூட்டிய கடைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள், ஒரு கார் நிறுத்துமிடத்தில் வாயைத் திறந்து மேலே பார்க்கச் சொன்னார்கள். எந்தப் படத்திலும் அவள் பாடவில்லை. "பாடுற மாதிரி முகம் வேணாம் மேடம், அது வலிக்கிற மாதிரி தெரியுது" என்றார் முத்திரை. பதினைந்து நொடிக்கு ஒரு வீடியோ போட்டார்கள். அதில் அவள் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தாள், பின்னால் பெரிதாக 5½ வந்து நின்றது. மாப்பிள்ளை அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கு ஒருதரம் வந்து சொன்னார். அவர் சொன்ன எண்ணிக்கையில் என் தெருவே அடங்கியிருக்கும், அதில் ஒருவராவது முழுப் பாட்டைத் தேடிப் போனார்களா என்று கேட்டேன். "அக்கா, அது வேற அளவுகோல்" என்றார்.

பிறகு என் முறை வந்தது. மேடைப் படத்தைத் திரையில் போட்டு வைத்துக்கொண்டு முத்திரை பென்சிலால் என்னைச் சுட்டினார்.

"பின்னாடி இவங்க யாரு?"

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க அக்கா" என்றாள் தங்கை.

"ஓ. சாரி. தப்பா எடுத்துக்காதீங்க. ஃபிரேம்ல பாத்தா ஒரு குடும்பப் படம் மாதிரி இருக்கு. நமக்கு ஒரு உலகம் வேணும். பின்னாடி உயரமா, அமைதியா ஒரு பொண்ணு. தம்புரா சும்மா கையில இருந்தாப் போதும். சத்தம் போன்லயே வருதாமே?"

ஃபிரேம் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். முகத்துக்குப் பொருந்தாததை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று சிரிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். என் தங்கை என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும்தான்க்கா. எப்படிப் போகுதுன்னு பாக்கலாமே" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு வாக்கியம். எழுந்து போய்ச் சமையலறையில் காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது: போன் பொய் சொல்லாது. ஐந்தரை என்று வைத்தால் ஐந்தரையில்தான் ஒலிக்கும். அவள் அதில் பாட முடியாது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் தினமும் காலையில் என் தம்புராவுக்குப் பாடினாள், நானும் நாலரையில் மீட்டினேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து, நாளைக்கு என்று எழுந்தேன். மறைத்துப் பயன் இல்லை, உண்மையையே சொல்கிறேன்: குரல் உடையட்டும் என்று நினைத்தேன். அந்த முத்திரையின் வெளிச்சத்தில், அத்தனை பேர் முன்னால் உடையட்டும், பிறகு அக்கா அக்கா என்று வருவாள் என்று நினைத்தேன். அவள் மேல் எனக்கு இருந்த பாசத்தின் லட்சணம் அது.

நிகழ்ச்சி நடந்தது கச்சேரி அரங்கில் இல்லை. ஒரு பழைய கிடங்கு. வேண்டுமென்றே செங்கல் தெரிகிற மாதிரி விட்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பதில் திண்டு. மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு 5½ எரிந்துகொண்டிருந்தது. வாசலில் அதே எண் போட்ட பனியனும் தண்ணீர்ப் புட்டியும் விற்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் இளம் வயது. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: கூட்டம் வந்திருந்தது.

ஆட்கள் வருவதற்கு முன்னால் ஒத்திகை என்றார்கள். அது விளக்குக்கு ஒத்திகை. தங்கை மைக்கில் நாலு வார்த்தை பேசினாள், கீழ்ச் சுரத்தில் ஒரு முனகல் முனகினாள், ஒலிக்காரர் கட்டைவிரலைக் காட்டிவிட்டார். அவளுக்குப் பின்னால் உயரமான பெண் தம்புராவோடு உட்கார்ந்திருந்தாள். தம்புராவின் குடத்தைத் தவறான பக்கத்தில் வைத்திருந்தாள். போனில் வரும் சுருதியோடு மோதக் கூடாது என்று தந்திகளுக்கு அடியில் பஞ்சு திணித்து ஒட்டியிருந்தார்கள். என் தம்புரா அது. நான்தான் இரவல் கொடுத்தேன், கேட்டார்கள் என்று.

தங்கையின் முன்னால் இருந்த போன் ஒலிக்க ஆரம்பித்தது. ஐந்தரை. மூன்று வருடமாகக் கேட்காத உயரம். உடையட்டும் என்று நினைத்தவள்தான் நான், ஆனால் நினைப்பது வேறு, அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு. காய்ச்சலில் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளே, அந்த முகம் வந்து நின்றது.

மிருதங்கக்காரரை ஓரமாக இழுத்தேன். அவர் பழைய, சுருதி கூடின மிருதங்கத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன இது?"

"அஞ்சரைன்னு சொன்னாங்க. அஞ்சரை கொண்டு வந்தேன்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எதுக்கும்மா வம்பு? அவங்க சொன்ன சுருதிக்கு நான் சேத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு, தன் முகம் கேமராத் திரையில் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். இத்தனை வருடம் சேர்ந்து உட்கார்ந்ததற்கு அவ்வளவுதான் மரியாதை.

உடை மாற்றும் அறையில் தங்கை தனியாக இருந்தாள். கறுப்புக் கோட்டு மாதிரி எதையோ மாட்டிவிட்டிருந்தார்கள். கதவைச் சாத்தினேன்.

"நீ அஞ்சரையில பாடாத."

"ஏன்?"

"உன்னால முடியாது. நீ பாடறது நாலரை. மூணு வருஷமா நான்தான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வந்தேன்."

முதலில் அவள் சிரித்தாள். பொறாமையில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு மிருதங்கக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள். "என் சுருதி இறங்கிடுச்சுன்னு அக்கா சொல்றா, நெஜமா?" என்று நேராகவே கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "எனக்கு எதுவும் தெரியாதும்மா." போய்விட்டார்.

"பாத்தியா?" என்றாள் தங்கை. ஆனால் குரலில் பலம் இல்லை. கழுத்தில் கையை வைத்தாள். பிறகு மெதுவாக, "அந்த ஊதல் தொலையலையா?" என்று கேட்டாள்.

பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை.

"மூணு வருஷம் சொல்லல. இன்னிக்கு ஏன் சொல்ற? உன் இடம் போச்சுன்னா?"

எனக்குப் பதில் இருந்தது. உனக்காகத்தான், உன் மானம் போகக் கூடாதென்றுதான் என்று வாய்வரை வந்தது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள், அவளுடைய காது அப்படி. முத்திரை கதவைத் தட்டிவிட்டு, "மேடம், சரியா ஐந்தரைக்கு ஆரம்பிக்கணும், அதான் கான்செப்ட்" என்றார்.

நான் போய் ஒரு தூணோரம் நின்றுகொண்டேன். அவளை மேடையில் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதே எனக்குப் புதிது. போன் ஐந்தரையில் ஒலித்தது. அவள் பிடிவாதக்காரி, அந்த ஐந்தரையிலேயே தொடங்கினாள். கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பகுதியில் பாட்டு மேலே போகிற இடம் வந்தது. இடது தோள் உயர்ந்தது. குரல் போய் மேலே முட்டி, நூல் நூலாகப் பிரிந்தது.

கூட்டம் கைதட்டியது.

ஆமாம், தட்டியது. உணர்ச்சி வந்து குரல் உடைந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள். ஒரு பையன் "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தான். எனக்கு முன்னால் நின்ற முத்திரை, ஒளிப்பதிவாளரிடம் கையால் கிட்டே போகச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த நேரத்தில் எனக்குக் கையில் ஏதாவது கிடைத்திருந்தால் அவர் மண்டையில் போட்டிருப்பேன்.

தங்கை பாட்டை நிறுத்தினாள். கைதட்டல் ஓய்கிறவரை காத்திருந்தாள். அதற்குள் என்னைத் தேடுவாள், பார்ப்பாள், நான் விரலால் நாலரை என்று காட்டுவேன் என்று கையைக்கூட உயர்த்தி வைத்திருந்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. குனிந்து போனை எடுத்து அவளே விரலால் இறக்கினாள். ஐந்து. சன்னமாக மேல் சுரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். இன்னும் இறக்கினாள். நாலரை. தொட்டாள். குரல் போய் அங்கே சுகமாக உட்கார்ந்தது.

அப்போதுதான் அது நடந்தது. அவள் யாருக்கும் எண்ணைச் சொல்லவில்லை. வயலின்காரர் கேட்காமலே நான்கு தந்தியையும் தளர்த்தி, நேராக நாலரையில் கொண்டுவந்து நிறுத்தினார். மிருதங்கக்காரர் மேடையோரத் திரைக்குப் பின்னால் கையை நீட்டி, உறை போட்ட இன்னொரு மிருதங்கத்தை முன்னால் இழுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், எதுவும் தெரியாத மனிதர். உறையைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினார். அது அச்சாக நாலரையில் பேசியது.

தங்கை அந்த மிருதங்கத்தைப் பார்த்தாள். வயலினைப் பார்த்தாள். அவளைத் தவிர மேடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது அவள் முகத்தில் ஏறுவதை நான் தூணோரத்திலிருந்து பார்த்தேன்.

அவள் பாடினாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. கோபத்தில் பாடினாளா, விடுதலையில் பாடினாளா தெரியாது. பின்னால் 5½ ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருக்க, அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் நாலரையில் பாடினாள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போகும்போது பனியன் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

முத்திரையைப் பிடித்துக் கேட்டேன்.

"அவ பாடினது நாலரை. உங்க எண் பொய்யாப் போச்சே, என்ன செய்யப் போறீங்க?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஐந்தரைங்கிறது கட்டை இல்லைங்க. அது ஒரு மனநிலை" என்றார்.

குரல் உடைந்து அவள் போனை இறக்குகிற துண்டை மட்டும் வெட்டி அன்றே போட்டார்கள். அதற்குத் தலைப்பு 'தோல்வியே என் சுருதி'. இதுவரை போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்களாம். மாப்பிள்ளை கோயில் பிரசாதம் மாதிரி அந்த எண்ணிக்கையை எல்லோருக்கும் விநியோகித்தார். உயரமான பெண்ணை அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கும் பேசிவிட்டார்கள். குடத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் அவளிடம் சொல்லப் போவதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் சாதக அறைக்குப் போனேன். தம்புராவில் ஒட்டியிருந்த பசையை ராத்திரியே துடைத்துப் பஞ்சை எடுத்திருந்தேன். தங்கை ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன். நான் அவளுக்குப் பின்னால் போய் உட்காரப் போனேன்.

"தம்புரா வேணாம்க்கா."

நின்றேன்.

"இந்தப் போன் பொய் சொல்லாது. இனிமே நானே வெச்சுக்கறேன்."

அவள் கத்தவில்லை. அழவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். முத்திரை என் இடத்தை மேடையில் மட்டும்தான் எடுத்தார். முழுதாக எடுத்தவள் நான்தான், ஒவ்வொரு முடியாக, என் கையாலேயே. தம்புராவை உறைக்குள் போட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டு வாசல் பக்கம் நடந்தேன்.

"எங்க போற? முன்னாடி வந்து உக்காரு."

"எதுக்கு?"

"கேக்கத்தான். வேற எதுக்கு?"

அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் கோத்துக்கொண்டேன். போன் நாலரையில் ஒலித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். பாட்டு மேலே ஏறியது. தோள் உயர்வதற்கு முன்பே புருவம் நெரிந்தது, உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது, கன்னத்தில் ஒரு சின்ன நடுக்கம். நாலரையிலும் அவளுக்கு வலித்தது. என் காதுக்குக் குரல் சுத்தமாகத்தான் கேட்டது, அந்த முகம் வேறு சொன்னது. தூங்குகிறார்கள், காது கேட்காது என்று நாங்கள் கேலி செய்த முன்வரிசைக்காரர்கள் எத்தனை கச்சேரியில் இதைப் பார்த்தார்களோ. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

அருமை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. மூன்று வருடப் பழக்கம்.

"மேல போறப்ப முகம் சுளிக்குது" என்றேன். "இன்னும் அரை இறக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, போனில் விரலை வைத்து, நாலுக்கு இறக்கினாள்.